மஞ்சள் விளக்கும் சிவப்புச் சட்டையும்

பய்சாந்து நகரின் எல் ஃபாரோல் கால்பந்துக் கழகத்திற்குப் பத்தொன்பது ஆண்டுகளாகச் சட்டை துவைத்து வருபவர் நேலிடா பென்டன்கூர். காலையில் உயர்நிலைப்பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். மாலையில் சேறும் சோப்பும். தான் சொன்னதைக் காரியம் கெட்ட பிறகே பிறர் நினைத்துப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய தீராத எரிச்சல்.

துறைமுகத்தில் கழித்துப்போட்ட சோடிய விளக்குகளைக் கழகத் தலைவர் ஒலெகாரியோ இனாமாக வாங்கி மைதானத்தில் நட்டபோதே நேலிடா எச்சரித்தார்.

"தலைவரே, இந்த விளக்குல மஞ்சளத் தவிர வேற நிறமே கெடையாது. நம்ம சிவப்புச் சட்டை சிவப்பு வெளிச்சத்தத்தான் திருப்பி அனுப்பும். அதுவே வரலேன்னா எதத் திருப்பும்? கருப்பாத்தான் தெரியும்."

"வெளிச்சம்னா வெளிச்சந்தான் நேலிடா. சும்மா வந்ததுல குத்தம் கண்டுபிடிக்காத."

அந்த ஊருக்குக் குளிர்காலமான ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறு வந்தது. அன்று ஒரு புள்ளியாவது எடுக்காவிட்டால் எல் ஃபாரோல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். எதிரணிக்கு நீலச் சட்டை. நான்கு மணி வெயிலில் இரண்டையும் பார்த்து நடுவர் சரியென்று தலையசைத்தார். ஆனால் அதே மைதானத்தில் நடந்த முந்தைய ஆட்டம் இழுத்துக்கொண்டே போயிற்று. ஆறு மணிக்கு இருட்டிவிட, விளக்குகளைப் போட்டார்கள். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. இரு அணியினரும் கரிமூட்டையில் விழுந்து எழுந்தவர்கள்போல் நின்றார்கள்.

"எவன் எந்தக் கட்சின்னே தெரியல. சொந்த மைதானத்துக்காரங்கதான் மாத்தணும். பதினஞ்சு நிமிஷத்துல வேற சட்டை வரலேன்னா புள்ளி எதிரணிக்கு" என்றார் நடுவர்.

ஒலெகாரியோ பாய்ந்து வந்தார். "நேலிடா! சட்டைய எதுல ஊறவெச்ச? சாயமே மாறிப்போச்சே!"

நேலிடா அணித்தலைவனின் கையைப் பிடித்து, ஒரு மோட்டார் சைக்கிளின் வெள்ளை முகப்பு விளக்கின் முன் நிறுத்தினார். சட்டை செக்கச்செவேலென்றிருந்தது.

"பாத்தீங்களா? சட்டைய நான் மாத்தல. வெளிச்சத்த நீங்க மாத்தினீங்க."

"அப்ப நடுவர மோட்டார் சைக்கிள்ல உக்காந்து விசில் ஊதச் சொல்லட்டுமா?" என்று பொரிந்துவிட்டு, அவகாசம் கேட்க ஒலெகாரியோ நடுவரிடம் ஓடினார்.

நேலிடா வீரர்களின் பக்கம் திரும்பினார். "குளிருக்கு உள்ள வெள்ளை பனியன் போட்டிருக்கீங்கல்ல? மேல இருக்கறதக் கழட்டுங்கடா. வெள்ளை எந்த வெளிச்சத்தையும் திருப்பும்."

"எண் வேணுமே அக்கா?"

அவர் கைப்பையிலிருந்து சிவப்பு உதட்டுச் சாயத்தை எடுத்தார்.

"அக்கா, கூசுது!"

"அசையாத. எட்டு மூணாயிடும்."

"சிவப்பு எடுபடுமா?"

"இந்த விளக்குலயா? கரி மாதிரி எடுபடும்."

எடுபட்டது. பளீரென்ற பனியன்களில் எண்கள் மையிட்டாற்போல் கருத்திருந்தன. நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. வேண்டிய அந்த ஒரு புள்ளி கிடைத்துவிட்டது.

உடை மாற்றும் அறையின் வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் வீரர்கள் வந்து நின்றதும் ஒலெகாரியோ திடுக்கிட்டார்.

"நேலிடா! எல்லார் முதுகும் ரத்தமா இருக்கு! கருப்பு மையிலதான எழுதின?"

நேலிடா வாளியை அவருடைய காலடியில் வைத்து, பனியன்களை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டார்.

"உதட்டுச் சாயம் லேசுல போகாது தலைவரே. அந்த விளக்க மாத்தறவரைக்கும் இத நீங்களே துவைங்க."