பதினோரு வருடம் லைட் பார்த்தவர்

சாரங்கபாணி சார் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, கல்யாண ஆல்பம் ஒன்றுக்காகக் கம்ப்யூட்டரில் பெண்ணின் கன்னத்துப் பருக்களை அழித்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து அவருடைய நண்பர் பேசினார். "அவரோட ரொம்ப வருஷம் சுத்தினவர் நீங்கதான், ஏழுமலை. அஞ்சலிக் கூட்டத்துல படிக்க ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்றார். சரி என்று போனை வைத்துவிட்டு மீதிப் பருக்களையும் அழித்து முடித்தேன். அழுகை வரவில்லை. இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம். சொல்லிவிடுகிறேன்: உழைப்பாளி, பசி தாங்குபவர், பொய்க்கணக்குச் சொல்லாதவர், வெளிச்சம் தெரிந்தவர். நாலு ஆயிற்று. இனி நான் சொல்லப்போவது பிடிக்காதவர்கள் காபி குடிக்க எழுந்து போகலாம்.

அவருடைய பெரிய போட்டோ புத்தகத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பனிமலையில் ஆடு மேய்ப்பவர்கள், தீவில் மீன் பிடிப்பவர்கள், பாலைவனத்தில் கிணறு தோண்டுபவர்கள் என்று எங்கெங்கோ இருக்கும் மக்களின் அன்றாட வாழ்க்கையும் சடங்குகளும் அதில் இருக்கின்றன. அந்த வரிசையில் கடைசியாக எங்கள் உறுவையாறும் இருக்கிறது. பாண்டிச்சேரியில் டவுன் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் ஊர். "சார், எங்க ஊரு யாருக்கு சார் தூரம்?" என்று ஒருமுறை கேட்டேன். "தூரத்தைக் கிலோமீட்டர்ல அளக்கக் கூடாது ஏழுமலை. பார்வையில அளக்கணும்" என்றார். அன்றைக்கு எனக்குப் புல்லரித்தது. இப்போது யோசித்தால் அந்தப் பேச்சுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

வில்லியனூரில் என் ஸ்டுடியோவுக்கு அவர் முதலில் வந்தது மெமரி கார்டு கேட்டு. கழுத்தில் இரண்டு கேமரா தொங்கியது. இரண்டையும் விற்றால் என் கடையையே வாங்கலாம். "உங்க கிராமத்தை எனக்குக் காட்டுவீங்களா?" என்றார். கடையை அப்படியே சாத்திவிட்டு அவரோடு கிளம்பினேன். அன்று தொடங்கி பதினோரு வருடம், அவர் வந்தபோதெல்லாம் கடையைச் சாத்தினேன். கல்யாண வீட்டுக்காரர்கள் போனில் திட்டினார்கள். என் மனைவி நேரிலேயே திட்டினாள்.

அவர் எப்படிப் படம் எடுப்பார் என்று சொல்கிறேன். கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு கழனியில் மெஷின் வைத்து நடவு நடந்துகொண்டிருந்தது. சார் மெஷினை நிறுத்தச் சொன்னார். வரப்பில் நின்ற நைட்டியும் துண்டுமாயிருந்த பெண்களைப் புடவை கட்டி வரச் சொல்லி, ஒரு மூலையைக் கையால் நடச் சொன்னார். அவர்களும் சிரித்துக்கொண்டே நட்டார்கள். படம் முடிந்ததும் மெஷின்காரர், "இன்னாபா இது, வரிசையெல்லாம் கோணலா கீது" என்று அந்த மூலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டார். புத்தகத்தில் அந்தப் படத்துக்குக் கீழே 'மாறாத மண்' என்று போட்டிருக்கிறது. மொபெட், டிஷ் ஆன்டெனா, பிளாஸ்டிக் நாற்காலி மூன்றையும் அவர் கண்ணில் காட்டக்கூடாது. அவற்றைத் தூக்கி ஓரமாக வைப்பதுதான் என் முக்கியமான வேலை.

இனி என் அம்மா. பெயர் அஞ்சலாட்சி. அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. தான் போன பிறகு வீட்டில் மாட்டிப் படையல் போடும் படம் சாரங்கபாணி சார் எடுத்ததாக இருக்க வேண்டும். அரக்குப் பட்டுப் புடவை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்க்கும் படம். நான் எடுக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "நீ எடுக்கறது ரேஷன் கார்டுக்குடா. அவரு எடுக்கறது பொஸ்தகத்துக்கு" என்பாள். மகனுக்கு இது வலிக்கத்தான் செய்யும். ஆனால் எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது.

அவர் வருகிறார் என்று தெரிந்தால் அம்மா குளித்து, பட்டு கட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சார் வந்து பார்த்துவிட்டு என் காதில், "அந்தப் பழைய நூல் புடவை இருக்கே, அதைக் கட்டச் சொல்லுங்க. கண்ணாடி வேண்டாம்" என்பார். அம்மா முறம் புடைக்கும் கையை எடுப்பார். அடுப்பு ஊதும் முதுகை எடுப்பார். அம்மா தலையைத் தூக்கினால் கேமராவை இறக்கிவிடுவார். "முகம் வந்துட்டா படம் ஒரு ஆளோட படமாயிடும் ஏழுமலை" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாசகம். இந்த அரங்கில்கூட யாராவது அதைப் பெரிதாக எழுதி மாட்டியிருப்பீர்கள்.

"ஏண்டா, மூஞ்ச எடுக்கவே இல்லியே?" என்று முதல் தடவை அம்மா கேட்டாள். ஸ்டுடியோவில் ஆளை உட்காரவைத்து, வெளிச்சம் சரியா என்று முதலில் ஒன்று சும்மா எடுத்துப் பார்ப்பது வழக்கம். அந்த நினைப்பில், "இது லைட்டு பாக்கறதும்மா. நெஜப் படம் பின்னால எடுப்பாரு" என்று சொல்லிவிட்டேன். அம்மா அதை அப்படியே நம்பினாள். பதினோரு வருடமும் நம்பினாள். புத்தகம் வந்தபோது கொண்டுவந்து காட்டினேன். இரண்டு பக்கம் முழுக்க அவள் முதுகு. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது லைட்டு பாத்ததுதானே? இதப் போயி ஏண்டா பொஸ்தகத்துல போட்டாரு? தப்பா போட்டுட்டாங்கன்னு சொல்லுடா அவராண்ட" என்றாள்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மருத்துவர் கையை விரித்த அன்றே சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு படம் சார், நேராக, என்று கெஞ்சினேன். "கண்டிப்பா ஏழுமலை. தை மாசம் ஆத்துத் திருவிழாவுக்கு வர்றேன். அன்னிக்கே எடுத்துடலாம்" என்றார்.

திருவிழா அன்று காலையிலிருந்தே அம்மா வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப் புடவை கட்டியும் உடம்பில் நிற்கவில்லை. என் மனைவி முழுக்க ஊக்கு குத்தியிருந்தாள். சார் சாயங்காலம்தான் வந்தார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். நீர் கோத்து வீங்கி, தோல் பளபளவென்று இருந்த பாதங்களைப் பார்த்தார். அப்படியே மண்டி போட்டார். ஏழெட்டு முறை கேமரா சத்தம் கேட்டது. எழுந்து வானத்தைப் பார்த்து, "லைட் போகுது, சாமியெல்லாம் ஆத்துல இறங்கிடும். மத்தது அடுத்த முறை" என்று காருக்கு நடந்தார்.

மாசியில் அம்மா போய்விட்டாள். அக்கா மகள் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அம்மாவை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினேன். பந்தி பரிமாறிவிட்டு ஓடிவந்து நின்ற முகம் அது; பாதிக் கண் மூடியிருக்கிறது. அந்தப் படத்துக்குத்தான் படையல் போடுகிறோம். பாதங்களின் படம் நகரத்துக் கண்காட்சியில் ஆள் உயரத்துக்கு இருந்தது. அங்கே வைத்து, எல்லோர் முன்னாலும், "முகம் எங்க சார்?" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "முகம் உங்களுக்கு இருக்கு ஏழுமலை. பாதம் எல்லாருக்குமானது" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு அவர் போனை நான் எடுக்கவில்லை. கடைசியாக அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனையும் எடுக்கவில்லை.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இங்கே சொல்ல வேண்டும். கோபத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை யார் கேட்டாலும் தரமாட்டேன். ஏனென்றால், அன்று சாயங்காலம் அவர் காருக்கு நடந்தபோது அம்மா இன்னும் நிமிர்ந்தேதான் உட்கார்ந்திருந்தாள். "லைட்டு பாத்துட்டாராடா?" என்று கேட்டாள். மஞ்சள் வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. என் கேமரா என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. "பாத்துட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு, அவருடைய ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நான் அவர் பின்னால் ஓடினேன்.