மழையில் பிரிந்த கிற்றார்

நோர்வேயில் பனி விழத் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுக் கிற்றாருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வெளியே எங்கு பார்த்தாலும் ஈரம். வீட்டுக்குள்ளோ ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று காய்ந்துபோகிறது. பழைய மரம் அதைத் தாங்காமல் வெடித்துவிடும் என்கிறார்கள். அதனால் சின்ன ஸ்பொஞ்ச் ஒன்றை நனைத்துப் பிழிந்து கிற்றாரின் துளைக்குள் தொங்கவிடுகிறோம். வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் வாசலில் நின்று சப்பாத்துப் போட்டபடி என் மனைவி வதனி கேட்பாள்: “கிற்றாருக்குத் தண்ணி குடுத்தனீங்களே?” மாட்டுக்கும் கன்றுக்கும் தண்ணீர் வைத்து வளர்ந்த எங்களுக்கு இது இன்னும் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அந்தக் கிற்றார் வதனியின் அம்மாவுடையது. மாமி கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். பறங்கிக் குடும்பம் ஒன்று அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது விற்ற கிற்றாரை அவருடைய தகப்பன் மகளுக்கு வாங்கிக் கொடுத்தாராம். அப்போதே அது பழசு. கல்யாணமாகி வன்னியில் உள்ள உருத்திரபுரத்துக்கு வந்தபோது மாமி அதையும் கொண்டுவந்தார். கணவர் இறந்த பிறகு தானே வரம்பில் நின்று நெல் விதைப்பித்தார். பின்னேரங்களில் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து கிற்றார் வாசிப்பார். வீதியால் போகிறவர்கள் அந்த இடத்தில் சைக்கிளை மெதுவாக்குவார்கள்.

நான் அந்த ஊர்ச் சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவன். மலைநாட்டில் கலவரம் நடந்தபோது தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கண்டாவளைக்கு வந்து குடியேறிய குடும்பம் எங்களது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் உருத்திரபுரத்தில் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். வதனியின் சைக்கிளுக்கு அந்த நாட்களில் அடிக்கடி காற்றுப் போகும். ஏன் போகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு சித்திரை வெயிலில் கிற்றாரின் கழுத்து உடலை விட்டுக் கழன்றது. கம்பிகளைத் தாங்குகிற கட்டையும் மேல்பலகையிலிருந்து கிளம்பி, கம்பிகளும் அறுந்துவிட்டன. வன்னிக்குள் பற்றரியையே ஆமி விடாத காலம் அது. கிற்றார்க் கம்பி எங்கிருந்து வரும்? வதனி சொல்லித்தான் மாமி என்னைக் கூப்பிட்டார். அதுவரை நான் கிற்றாரைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போக ஒரு காரணம் கிடைத்ததே என்று ஓம் என்றுவிட்டேன்.

தச்சுவேலை செய்யும் ஒருவரிடம் வச்சிரம் வாங்கினேன். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. சூட்டோடு பூசி, சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி, கழுத்தையும் உடலையும் சேர்த்து இறுக்கிச் சுற்றினேன். கட்டையை ஒட்டியபோது மேலே பாரம் வைக்க வேண்டியிருந்தது. மாமி ஒரு சின்னப் பையில் நெல் நிரப்பித் தந்தார். கம்பிகளுக்குப் பதிலாகப் பிறேக் வயரைப் பிரித்து அதன் இழைகளைக் கட்டினேன். முறுக்கும்போது ஒன்று அறுந்து என் கையைக் கிழித்தது. வதனி மஞ்சளோடு ஓடிவந்தாள். மாமி அதை அவளிடமிருந்து வாங்கித் தானே பூசிவிட்டார்.

கடைசியில் கிற்றார் பேசியது. கொஞ்சம் தகரச் சத்தம்தான். என்றாலும் மாமி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாசித்தார். அந்தத் தைரியத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனேன். மாமி எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்து மரியாதையாகவே கதைத்தார். அம்மா எழுந்து படலையடிக்குப் போனதும் என்னை மறித்துச் சொன்னார்:

“நீர் நல்ல பெடியன்தான் தம்பி. ஆனா நீங்கள் எங்கட ஆக்கள் இல்லை. கிற்றார் திருத்தினதுக்காகப் பெட்டையைக் குடுக்கேலுமே?”

அம்மாவுக்கு அது கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்து உலை வைத்த பிறகு, “அந்தம்மா தேத்தண்ணியில சீனி போட்டிருந்தாங்கடா. இந்தக் காலத்துல சீனி” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருடம் ஷெல் விழத் தொடங்கி ஊரே இடம்பெயர்ந்தது. அக்கராயன் காட்டில் ஒரு பாலை மரத்தின் கீழ் மாமி குடும்பத்துக்கும் எங்களுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மாமி பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பைக் கையில் பொத்தியபடி ஒரு பெட்டியின் மேல் இருந்தார். ஊரை விட்டு ஓடுவது அவருக்கு இது முதல் தரம். அம்மாவுக்கு அப்படியில்லை. வந்து இறங்கியவுடனே தடி வெட்டி நட்டு, தறப்பாளை இழுத்துக் கட்டிவிட்டு, மாமியிடம் போய் மண்வெட்டியை நீட்டினார். “எந்திரிங்கக்கா. மொதல்ல தரைய மேடாக்கணும். மழை வந்தா தண்ணி உள்ளுக்கு வந்துரும்.”

மாமி திறப்பை மடியில் செருகிக்கொண்டு மண்வெட்டியை வாங்கினார். பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு என்றானது. மாமிக்கு மலேரியா வந்து நடுங்கியபோது அம்மா தன் தோட்டத்துக் கம்பளியால் போர்த்தி, பக்கத்திலேயே இருந்து கஞ்சி பருக்கினார். தேறியபின் மாமி அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். என்னோடு மட்டும் அளவாகவே கதைத்தார்.

மாரி வந்தது. ஒரு பின்னேரம் தறப்பாள் கிழிந்து, தேங்கிய தண்ணீர் முழுவதும் கிற்றாரின் மேல் கொட்டியது. வச்சிரம் ஈரத்தில் இளகுகிற பசை. நாங்கள் கவனித்தபோது கழுத்து தனி, முதுகு தனி, கட்டை தனி. மாமி துண்டுகளை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். காய்ந்ததும் திரும்ப ஒட்டித் தருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நனைந்த விறகோடு போராடிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லெட்சுமி,” என்றார், “பிள்ளையளுக்கு ஒரு நல்ல நாள் பாருங்கோ.”

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தவில்லை. “பாப்போங்க்கா” என்றார். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒட்டிய கிற்றாரால் ஆகாத காரியம் அது.

கல்யாணம் முடிந்து நாங்கள் வெளிநாடு புறப்பட்டபோது மாமி துண்டுகளை ஒரு உரப்பையில் கட்டித் தந்தார். நீங்களும் வாருங்கோ என்று வதனி அழுதாள். “லெட்சுமியை விட்டிட்டு எங்க வாறது?” என்று கேட்டார் மாமி. வவுனியாச் சோதனைச்சாவடியில் ஒரு ஆமிக்காரன் பையைக் கொட்டி, கழுத்தையும் உடலையும் பொருத்திப் பிடித்து, இல்லாத கம்பிகளை மீட்டிக் காட்டினான். பயந்துகொண்டிருந்த நாங்களும் சிரித்துவிட்டோம்.

இங்கே ஊலா என்ற கிழவர் மரவாத்தியங்கள் திருத்துகிறார். பையை அவருடைய மேசையில் வைத்தபோது, “வூர் கொம்மர் டென் ஃப்ரா?” என்று கேட்டார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன். இங்கே எல்லோரும் கேட்பதுதானே? எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜியனில் தேயிலைத் தோட்டம், கண்டாவளை, உருத்திரபுரம், அக்கராயன் என்று எல்லாம் சொல்லி முடித்தேன். ஊலா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கழுத்துத் துண்டைத் தொட்டுக் காட்டி, நான் இதைத்தான் கேட்டேன் என்றார். ‘டென்’ என்றால் அது. ‘டூ’ என்றால்தான் நீ. கிற்றார் அநேகமாகப் உலக யுத்தத்துக்கு முன் ஜெர்மனியில் செய்தது என்று அவரே சொன்னார். வளைந்த முதுகை அச்சில் வைத்து நிமிர்த்தி, உள்ளே உடைந்த தாங்கிகளைப் புதிதாகச் செதுக்கி, அந்தக் குளிர்காலம் முழுவதும் பொறுமையாக வேலை செய்தார். ஒட்டியது அதே தோல்பசையால்தான். அந்த மணம் வந்ததும் வதனி கடைக்கு வெளியே போய் நின்றுவிட்டாள்.

போன வருடம், இரண்டாயிரத்தொன்றில், அம்மாவின் கண்ணை டொக்டரிடம் காட்டுவதற்கு, வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ் எடுத்து அம்மாவும் மாமியும் வவுனியாவுக்கு வந்தார்கள். அங்கே தொலைபேசிக் கடை ஒன்றிலிருந்து எங்களுக்கு எடுத்தார்கள். நான் மாமியோடு வன்னித் தமிழிலும் அம்மாவோடு தோட்டத்துத் தமிழிலும் மாறி மாறிக் கதைத்தேன். பிறகு றிசீவரைக் கதிரையில் வைத்தேன். வதனி அதன் முன்னால் இருந்து, தாயிடம் பழகியதை வாசித்தாள். முடிந்ததும் நான் றிசீவரைக் காதில் வைத்தேன்.

“அடிக்கம்பி கொஞ்சம் இறங்கிப்போச்சு, பிள்ளை. ஏத்து” என்றார் மாமி. அம்மா றிசீவரை வாங்கி, “அக்கா அழுவுறாங்கடா. நா கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

அவசரத்தில் றிசீவரைக் கொழுவாமல் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். லைன் அறுபடவில்லை. மன்னார் பஸ்ஸுக்கு ஆட்களைக் கூப்பிடுகிற குரல் கேட்டது. சைக்கிள் மணி கேட்டது. யாரோ தேத்தண்ணிக்குச் சீனி கேட்டார்கள். எங்கள் யன்னலுக்கு வெளியே பனி வழிக்கிற வாகனம் ஊர்ந்துகொண்டிருந்தது. வதனி றிசீவரை என்னிடமிருந்து வாங்கி எங்கள் இரண்டு காதுகளுக்கும் நடுவில் பிடித்தாள். அங்கே யாராவது வந்து றிசீவரைக் கொழுவும் வரைக்கும், அந்தக் கடைக்குள் நிற்கிற ஆட்கள் போல நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம்.