வடிநீரில் நின்ற முனை

பம்ப்ஹவுஸ்காரருக்கு வயிறு எரிந்தது. ஊரில் மற்றவர்களுக்குப் பங்காளி முன்னேறினால் எரியும், பக்கத்து வீட்டுக்காரன் முன்னேறினால் எரியும். இந்த மனுஷனுக்குக் கட்டின பெண்டாட்டி முன்னேறுவதே பொறுக்கவில்லை. என்னத்தைச் சொல்ல!

மாலை நேரப் பொறியியல் வகுப்பில் முதலில் சேர்ந்தவர் அவர்தான். "வீட்டுல சும்மாதானே இருக்கே, நீயும் வா" என்று அவளை இழுத்துக்கொண்டு போனவரும் அவரேதான். வந்தவள் தண்ணீரின் கலங்கலை அளக்கவும், கரைந்த ஆக்ஸிஜனைப் பார்க்கவும் மளமளவென்று கற்றுக்கொண்டாள். இப்போது சந்தேகம் என்றால் வகுப்பே அவளிடம்தான் ஓடுகிறது. ஏரியில் புதிதாக வரும் நீர்க் கண்காணிப்பு நிலையத்துக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். செய்முறைத் தேர்வைப் பார்த்து ஆசிரியர் தேர்ந்தெடுப்பார். பம்ப் இரைச்சலில் பாதிக் காது போன மனுஷன் அந்த அமைதியான ஏரிக்கரைக்காக ஏங்கிக் கிடந்தார்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் ஆய்வகத்தைப் பூட்டும் முறை அவருடையது. எல்லோரும் போன பிறகு பார்த்தால், அவளுடைய பி.எச். கருவியின் கண்ணாடி முனை உப்புக் கரைசலில் இல்லாமல், காய்ச்சி வடித்த வடிநீரில் நின்றுகொண்டிருந்தது. சுத்தமான தண்ணீர்தானே என்று செய்கிற தப்பு. ராத்திரி முழுக்க அப்படியே நின்றால் முனை மந்தமாகிவிடும். எடுத்து மாற்றி வைத்தால் போதும்.

"நாளைக்குத் தெரியும் மகாராணிக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே கதவைப் பூட்டினார்.

மறுநாள் ஏரித் தண்ணீரை மொண்டு வந்து வைத்தார்கள். அவருடைய கருவி சட்டென்று ஓர் எண்ணில் நின்றது. எழுதிக் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவளுடையதோ நிற்கவே இல்லை, நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் எதையும் எழுதாமல் முனையைத் தூக்கிப் பார்த்தாள்.

"சார், இது தண்ணியோட குணம் இல்ல, கருவிதான் சரியில்ல. நேத்து வடிநீர்லயே விட்டுட்டுப் போயிட்டேன். என் தப்பு."

முனையை உப்புக் கரைசலில் ஊறவைத்து, கருவியை மறுபடி சரிபார்த்து, கடைசி ஆளாக எழுதிக் கொடுத்தாள்.

"கருவி காட்டுறத யார் வேணாலும் எழுதிடலாம். அதைச் சந்தேகப்படுற ஆள்தான் அங்க வேணும்" என்றார் ஆசிரியர். வேலை அவளுக்குப் போனது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் விறுவிறுவென்று நாலடி முன்னால் நடந்தார். அவள்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நல்லவேளை நேத்து பூட்டறப்ப அதை நீங்க பார்க்கல. பார்த்திருந்தா மாத்தி வெச்சிருப்பீங்க. எனக்கு இந்த வாய்ப்பே கெடச்சிருக்காது."

"ஆமா" என்றார் அவர். நிம்மதியாக வயிறெரியக்கூட விடமாட்டாள் போலிருக்கிறது, இவள்.