கத்திரிக்காய்க்கு மட்டும் மீன்

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒல்லியாக, வெள்ளை வேட்டியில் இருப்பார். அவர் உடம்பில் மூக்கைத் தவிர வேறெதுவும் உழைத்து நான் பார்த்ததில்லை. மீன் சமைக்கக் கூடாது என்று சொல்லித்தான் வீட்டை வாடகைக்குத் தந்தார். படியேறும்போதெல்லாம் எங்கள் சமையலறை ஜன்னலருகே நின்று மோப்பம் பிடிப்பார்.

ஒருநாள் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனேன். தொட்டிகளில் அவருடைய கத்திரிச் செடிகள் காய்த்துத் தொங்கின. அவர் ஒரு வாளியைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். உள்ளே மீன் தலையும் குடலும் வெல்லத்தில் ஊறிக்கிடந்தன. நொச்சிக்குப்பம் மீன் சந்தைக்குப் போய் அவரே வாங்கி வந்தாராம்.

"என்ன சார், மீனா?" என்றேன்.

"மீன் இல்லைம்மா, உரம். வடிகட்டி, தண்ணில கலந்து விட்டா எப்படிக் காய்க்கறது பாருங்கோ!"

"அப்ப எங்க வீட்டுக் குழம்பையும் உரம்னு சொல்லிக்கலாமா சார்?"

"சாப்பிடறதும் செடிக்கு விடறதும் ஒண்ணா?" என்று முகம் சுளித்தார். கையிலிருந்த குச்சி சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் இரண்டு கத்திரிக்காய் கொண்டுவந்து தந்தார். தந்துவிட்டு, வழக்கம்போல ஜன்னலருகே நின்று மூக்கை உறிஞ்சினார். கவிச்சி அவர் கையில்தான் அடித்தது. அப்பேர்ப்பட்ட மூக்குக்கு அது மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.