சைதாப்பேட்டைக்காரன் மதுரை பார்த்த கதை

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் பிறந்து, மதுரையில் கல்லூரி படித்து, பஞ்சரான சைக்கிளை வைகைப் பாலத்தின் மேல் பலமுறை தள்ளிக்கொண்டு போன ஒருவன் இருக்கிறான். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அதே பாலத்தின் மேல் வாடகைக் காரில் போகிறான். டிரைவர் கையை நீட்டி, "இதுதேன் சார் வைகை" என்கிறார். அவனும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "ஓ, இதுதான் வைகையா?" என்கிறான். இப்படி ஒரு முட்டாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் தினமும் ஷேவ் செய்யும்போது பார்க்கிறேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "தண்ணியே இல்லையே" என்று துக்கம் வேறு விசாரித்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வைகையைப் பார்த்துக்கொண்டேன்.

அவள் சென்னையில் கல்லூரி படிக்கிறாள். ஊருக்கு அவளை ஒரே ஒரு தடவைதான் கூட்டிப் போயிருக்கிறேன், அப்போது அவள் இடுப்புக் குழந்தை. வளர்ந்த பிறகு "ஒருவாட்டி உன் ஊருக்குக் கூட்டிட்டுப் போப்பா" என்று கேட்காத விடுமுறை கிடையாது. என்னிடம் எப்போதும் ஒரே சாக்குதான். அங்கே பாத்ரூம் வசதி இல்லை. என் தம்பி ஊரிலேயே இருந்து விவசாயம் பார்க்கிறவன். அவன் புது வீடு கட்டினான். கட்டி முடித்ததும் எனக்கு முதலில் சொன்ன சேதி மாடியைப் பற்றியோ வாசல் கதவைப் பற்றியோ அல்ல. "அண்ணே, பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டாச்சு. உக்காந்து போற மாதிரியே வச்சிருக்கேன். பாப்பாவத் தைரியமாக் கூட்டிட்டு வாண்ணே" என்றான். அம்புட்டு வருஷமும் என்னைக் காப்பாற்றிய ஒரே சாக்கையும் டைல்ஸ் போட்டு மூடிவிட்டான்.

எனக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் என்று நான் சொல்வது உண்மையில் ஊர் இல்லை. ஊர் ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கும், எங்கள் தெரு அந்தப் பக்கம் இருக்கும். எங்கள் அப்பா காலம் முழுவதும் அடுத்தவர் வயலில் கூலிக்கு வேலை பார்த்தவர். தம்பி அந்த வயல்களுக்குப் பக்கத்திலேயே சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிவிட்டான். நான் படித்துச் சென்னையில் ஆபீசராகிவிட்டேன். மகளுக்குச் சின்ன வயதில் கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய கதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது யாருடைய கிணறு, எந்த நேரத்தில் யாருக்கும் தெரியாமல் போய்க் குதித்தோம், பிடிபட்ட அன்றைக்கு என்ன நடந்தது என்பதையெல்லாம் கத்தரித்துவிட்டேன். இப்போது அவளை அங்கே கூட்டிப் போனால் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கியதுமே யாராவது ஒருவர் என்னை என் அப்பா பெயரைச் சொல்லி "அவன் மகன்தானடா நீ?" என்று கேட்பார். அந்த 'டா'வை என் மகள் கேட்பாள். ஆபீசில் எனக்கு எதிரே உட்காராமல் நிற்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள்.

அதனால் போன வருஷம் அவள் பிடிவாதம் தாங்காமல் மதுரைக்குக் கிளம்பியபோது நான் ஒரு திட்டம் போட்டேன். மதுரை முழுவதையும் அவளுக்குச் சுற்றிக் காட்டுவது. காட்டிக் காட்டியே நேரத்தைத் தீர்த்து, ஊர்ப் பக்கம் போகாமல் ராத்திரி ரயிலில் ஏற்றிவிடுவது. தம்பிக்கு மதுரை வருவதையே சொல்லவில்லை.

கார் டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல மனுஷர். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. சென்னையிலிருந்து வந்தவர்களை ஒரு குறையும் இல்லாமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதில் அவ்வளவு அக்கறை. ஏசியைப் போட்டும் காரில் வெயில் சுட்டது. "கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன் சார். போலீசு புடிச்சுப் புடிச்சு அபராதம் போடுறான், அதேன் கிழிச்சுட்டேன். வெறுங் கண்ணாடி, சுள்ளுன்னுதேன் அடிக்கும். பொறுத்துக்கங்க" என்று மன்னிப்புக் கேட்டார்.

அவர் சொன்ன சரித்திரம்தான் பொறுத்துக்கொள்ள முடியாததாக இருந்தது. கோயிலில் செல்போனை ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்று வெளியே வந்தோம். அடுத்து மகாலுக்குப் போனோம். "இங்கருந்து கோயிலுக்குச் சுரங்கம் போகுது சார். ராஜா குதிரையிலயே உள்ளுக்குள்ள போவாரு" என்றார். கல்லூரி நாட்களில் அந்தச் சுரங்கத்தைத் தேடி நாங்கள் நாலு பேர் காவலாளியிடம் உதை வாங்கியிருக்கிறோம். சொல்ல முடியுமா? "குதிரையிலயேவா!" என்று வாயைப் பிளந்தேன். மாசி வீதியில் ஒரு வழிப்பாதையில் சுற்றிச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்தபோது, இடது பக்கச் சந்தில் புகுந்தால் அடுத்த நிமிஷம் வெளியே போகலாம் என்று எனக்குத் தெரியும். புகுந்திருப்பார், சொல்லியிருந்தால். சொல்லவில்லை. சைதாப்பேட்டைக்காரனுக்கு அந்தச் சந்து எப்படித் தெரியும்?

ஆமாம், சைதாப்பேட்டை. அது ஜிகர்தண்டா கடையில் நடந்தது. டிரைவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டும் சார்" என்று நின்றபடியே குடித்தார். பாதி டம்ளரில் கேட்டார்.

"சாருக்குச் சொந்த ஊரே சென்னைதானா?"

"ஆமாங்க."

"இல்ல, சென்னையில இருக்குறவங்க பாதிப் பேரு நம்ம பக்கத்துக்காரங்கதேன். அதேன் கேட்டேன். பூர்வீகம்?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி படிப்படியாக இறங்கும். முதல் படி, எந்த ஊரு? இரண்டாவது படி, அங்க எந்தப் பக்கம்? மூன்றாவது படி, எந்தத் தெரு? மூன்றாவது கேள்வி கேட்கிறவர் உங்களுக்குக் கடிதம் எழுதப் போவதில்லை. உங்களைப் பக்கத்தில் உட்கார வைப்பதா, தள்ளி வைப்பதா என்று முடிவு செய்யப் போகிறார். அவர் அப்படிப்பட்டவரா, வெறும் பேச்சுக்குக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் முதல் படியிலேயே கதவைச் சாத்துவதில் எனக்கு முப்பது வருஷ அனுபவம். இதுமாதிரி நேரத்தில் ஒரு ஜோக் அடித்துத் தப்பிப்பேன். ஆபீசில் எனக்குக் காமெடியன் என்று பெயர் வந்ததே அப்படித்தான்.

"பூர்வீகமே சைதாப்பேட்டைங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து கொசுகூட எங்களுக்குச் சொந்தக்காரன்" என்றேன்.

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. ஸ்பூனால் டம்ளரின் அடியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இடத்தை அவள் சொன்னாள். திருமங்கலம் போகிற நாலுவழிச் சாலையில் ஒரு மட்டன் மெஸ். போனில் வீடியோ பார்த்தாளாம். அது எங்கள் ஊருக்குப் போகிற வழி, ஆனால் மட்டனுக்கு எதிராக என்ன காரணம் சொல்வது? டிரைவர் வேறு, "சூப்பர் எடம், பாப்பா கரெக்டாப் புடிச்சிருச்சு" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

மெஸ்காரர் இலையைப் போட்டபடி விசாரித்தார்: "சென்னையா சார்? உறைப்புத் தாங்குவீங்களா, இல்ல கம்மியாக் குடுக்கச் சொல்லவா?"

பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவன் நான். "கம்மியாவே குடுங்க" என்றேன். வந்தது ஆஸ்பத்திரிக் குழம்பு.

"எனக்கு நீங்க சாப்பிடற மாதிரியே குடுங்கண்ணே" என்றாள் மகள். கண்ணில் தண்ணீர் வர வர, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். டிரைவர் கடைசி மேஜையில் இருந்தார். அவர் கை கழுவப் போன சமயம் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"இங்கேர்ந்து உன் ஊரு எவ்ளோ தூரம்ப்பா?"

"பக்கம்தான். ஆனா உள்ள போகணும். ரோடு சரியில்ல. ட்ரெயினுக்கு நேரமாயிடும்."

"ட்ரெயின் நைட்டுதானே."

"பேக் பண்ணணும்ல."

ஆளுக்கு ஒரு தோள்பைதான் கொண்டுவந்திருந்தோம்.

"நான் எதுக்கு இந்த மெஸ்ஸைத் தேடிப் புடிச்சேன்னு நெனச்ச? மட்டனுக்கா?" என்றாள். அப்புறம் அவளே, "பத்து நிமிஷம்ப்பா. சித்தப்பா வீட்டு வாசல்ல நின்னுட்டு வந்துடலாம். உள்ளகூடப் போக வேணாம்" என்றாள்.

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். "இன்னொரு தடவை பார்த்துக்கலாம்மா" என்று நான் எழுந்தேன். அவளும் எழுந்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேனோ என்று இப்போது நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குச் சாதகமாக நினைப்பதில் நான் கெட்டிக்காரன்.

திரும்பும்போது நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் அவள் பக்கத்தில் உட்காரத் தைரியம் இல்லை. சாப்பிட்ட மயக்கத்தில் காற்று வரட்டும் என்று ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கியிருந்தோம். நாலுவழிச் சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். வண்டிகள் ஊர்ந்தன. விலக்கில் ஒரு டீக்கடை, ஒரு நிழற்குடை, வரிசையாக நிற்கும் பைக்குகள்.

டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே, "இந்த விலக்குல எப்பவும் கூட்டந்தேன் சார். இப்பத்தேன் அவிங்ககிட்டயும் நாலு காசு வந்துருச்சுல்ல, ஆளுக்கொரு பைக்கு. நம்ம வந்தாக்கூட ஒதுங்க மாட்டாய்ங்க" என்றார்.

'அவிங்க' யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "அப்படியா" என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். டீக்கடைக்கு முன்னால், மொபெட்டில் உர மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, டீ கிளாசோடு என் தம்பி நின்றுகொண்டிருந்தான். யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். கட்டம் போட்ட சட்டை, நான்தான் தீபாவளிக்கு எடுத்து அனுப்பியது. எங்களுக்கு நடுவில் ஒரு ஆட்டோ நிற்கிற இடம்தான் இருந்தது. கையை வெளியே நீட்டி ஒரு குரல் கொடுத்தால் போதும். மொபெட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவான். கார் கதவைத் திறந்து "பாப்பா!" என்று கத்துவான். டிரைவருக்குச் சைதாப்பேட்டை புரிந்துபோகும்.

ஹாரன் சத்தத்துக்கு அவன் இந்தப் பக்கம் திரும்பினான்.

நான் பட்டனை அழுத்தினேன். கண்ணாடி மெதுவாக ஏறியது. அவ்வளவு மெதுவாக ஏறும் கண்ணாடியை நான் பார்த்ததில்லை.

"தூசி" என்றேன், யாரும் கேட்காமலே. முகத்தை டிரைவர் பக்கம் திருப்பிக்கொண்டு, சுரங்கத்தில் குதிரை போன கதையை இன்னொரு தடவை கேட்டேன். அவரும் சந்தோஷமாகச் சொன்னார். மகள் வலது பக்க ஜன்னலோரம் இருந்தாள். வயல்களைப் பார்த்தபடி வந்தாள். விலக்கில் இருந்த ஊர்ப் பலகையை வாசித்தாளா என்று தெரியாது. ரயில் ஏறும்வரை என்னோடு பேசவில்லை. டிரைவர் மட்டும் ஸ்டேஷனில் பையை வாங்கி உள்ளே கொண்டுவந்து வைத்து, "மறுபடி வாங்க சார், நம்ம ஊரு உங்களுக்குப் புடிச்சிருச்சுல்ல?" என்று கேட்டார். ரொம்பப் பிடித்தது என்றேன்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அந்த ஞாயிறும் செய்தான்.

"நல்லா இருக்கியாண்ணே? பாப்பா நல்லா இருக்கா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்டா."

"அங்கிட்டு மழை உண்டா? இங்க ஒரு பொட்டு இல்ல. உரம் வாங்கியாந்து சும்மா கெடக்கு."

உரம் என்றதும் மொபெட்டில் கட்டியிருந்த மூட்டை நினைவுக்கு வந்தது. வழக்கம்போல் ஒரு ஜோக் அடித்தேன். சென்னையில் மழை பெய்தால் நீச்சல் தெரிந்தவனுக்குத்தான் ஆபீசில் புரமோஷன் என்றேன். அவன் வழக்கம்போல் சிரித்தான். நான் எதைச் சொன்னாலும் சின்ன வயதிலிருந்தே சிரிப்பான். சரி, பார்க்கவில்லை என்று மூச்சு விட்டேன். அந்த நிம்மதியில், "அடுத்த பொங்கலுக்குக் கண்டிப்பாப் பாப்பாவக் கூட்டிட்டு வாரேன்டா" என்றேன்.

அவன் குரலை உயர்த்தாமல், கோபமும் இல்லாமல், மழையைப் பற்றிப் பேசிய அதே குரலில் சொன்னான்:

"வாண்ணே. ஆனா அடுத்த தடவ கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுன வண்டியாப் பாத்து எடு. வெறுங் கண்ணாடிக்குள்ள ஆளு அப்பிடியே தெரியுது."