அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்த நாள்

கொழும்பிலிருந்து ஒருவர் ரயிலில் வரப்போகிறார், கண்ணாடியில் மாவைத் தூவியே கள்ளனைப் பிடித்துவிடுவார் என்று ஒரு வாரமாக மட்டக்களப்பு முழுவதும் அதே பேச்சு. ரயில் எங்கள் ஊருக்கு வந்தே சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு அப்போது ஏழு வயது.

களவு போனது போடியார் வீட்டில். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், அவருக்குப் பெரிய வயல் வட்டை இருந்தது. நகரத்தில் வாவியோரமாகக் கல்வீடு. அம்மா அங்கே சமைத்தாள். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். எங்களுக்கு இருந்த ஒரே ஆண் துணை அம்மாவின் தம்பி. மாமா போடியாரின் நெல்மூட்டைகளைத் தோணியில் ஏற்றிவருவார். சில நாட்களில் என்னைத் தோணியின் முன்பக்கத்தில் இருத்தி, "நீதான்கா கப்பித்தான், வழி சொல்லு" என்பார். நான் சொன்ன பக்கம் ஒரு நாளும் போனதில்லை.

போடியார் மனைவியின் தங்க அட்டியல், கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியிலிருந்து காணாமல் போன அன்று, மாமா மூட்டை இறக்க வீட்டுக்குள் வந்திருந்தார். பொலிசாருக்கு அது போதுமாக இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது என்று சொல்லி ஒரு பொலிஸ்காரரையும் காவலுக்கு வைத்தார்கள்.

காவலுக்கு இருந்தவர் மத்தியானம் அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார். அவருக்குக் கதை நிற்காது.

"பத்து நாளா எங்கட அடிக்கு வராத உண்மை, கொழும்பார்ர மாவுக்கு வரப்போகுதாம். இன்ஸ்பெக்டர் பெரியையா காயிதம் போட்டுக் கூப்பிட்டிருக்கார். எங்கட ஆக்களுக்கு இந்த வித்தை தெரியாதாம்."

"மாவில என்ன தெரியுமாம்?" என்று அம்மா கேட்டாள்.

"கண்ணாடியில கை பட்டா விரல் ரேகை ஒட்டிக்கிடக்குமாம். ஒருத்தர்ர போல இன்னொருத்தருக்கு இராதாம். உங்கட தம்பி தொடல்லண்டா என்ன பயம் அக்கா? விட்டிருவாங்க."

"ஓம், ஓம்" என்றாள் அம்மா. அவருடைய சோற்றில் இன்னும் இரண்டு அகப்பை இறால் குழம்பை ஊற்றினாள். எங்கள் வீட்டில் இறால் குழம்பை அப்படி ஊற்ற மாட்டாள்.

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா என் கையைப் பிடித்து அந்த அறைக்குக் கூட்டிப்போனாள். அலுமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். தன் முகத்தைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு என் கையில் ஈரத்துணியைத் தந்தாள்.

"பெரிய மனிசர் வாறார் புள்ள. இப்பிடி ஊத்தையாக் கிடந்தா வெக்கம். நல்லா அழுத்தித் துடை. மூலையெல்லாம் துடை."

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போய்ப் பொலிஸ்காரரோடு சத்தமாகக் கதைப்பது கேட்டது. நான் துடைத்தேன். மாவைத் தூவினால் கண்ணாடிக்குள் கள்ளனின் முகம் தெரியும் என்றுதான் எனக்கு விளங்கியிருந்தது. சுத்தமாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும், மாமா சீக்கிரம் வந்துவிடுவார். கை வலிக்கும்வரை துடைத்தேன்.

அடுத்த நாள் காலை கொழும்புக்காரர் வந்தார். மெலிந்த, மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். சிறிய பெட்டி ஒன்றைத் திறந்து, மெல்லிய தூரிகையால் மாவைத் தடவினார். குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார். பிறகு இங்கிலீசில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் வாசலில் கூடி நின்றவர்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஆர் இதைத் துடைச்ச?"

வேற்று ஆளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை நான். அன்று முன்னால் வந்தேன்.

"நான்தான் ஐயா. நல்லா அழுத்தித் துடைச்சன்."

அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். "ஆருடி உன்னத் தொடச் சொன்ன? ஆருடி சொன்ன?"

கொழும்பிலிருந்து வந்தவர்தான் அவளைத் தடுத்தார். என் பெருவிரலைப் பிடித்து, தன் பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்துக் காட்டினார். வாவியில் கல் விழுந்தாற்போல வட்டம் வட்டமாகத் தெரிந்தது. நான் அழுகையை மறந்துவிட்டேன். அவர் நிமிர்ந்து அம்மாவை ஒரு தரம் பார்த்தார். எதுவும் கேட்காமல் பெட்டியை மூடினார்.

மூன்றாம் நாள் மாமாவை விட்டார்கள். வேறு சாட்சி இல்லை. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். அம்மா இருவருக்கும் சோறு போட்டாள். எப்போதும் மாமாவுக்குப் போகிற பெரிய மீன் துண்டு அன்று என் சோற்றுக் கோப்பையில் விழுந்தது. மாமா அதைப் பார்த்தார், தன் சோற்றைப் பிசைந்தார். அம்மா அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, சாகும்வரை கேட்கவில்லை. அட்டியலும் கிடைக்கவில்லை. மாமாவின் விரல் அந்தக் கண்ணாடியில் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அன்று மீனைத் தின்றுகொண்டே நான் வேறொன்றை யோசித்தேன். துடைக்கச் சொன்னது தான்தான் என்பதை அம்மா மறந்துபோனாள், பாவம். ஞாபகப்படுத்தினால் வெட்கப்படுவாள். அதனால் இதை ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.