நாற்பது பெட்டிகளின் பதில்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘பெட்டி டாக்டர்’ என்றால்தான் தெரியும். பகலில் மரக்கடையில் ரம்பம் ஓட்டுகிற தச்சர். மிச்ச நேரமெல்லாம் தேனீ. ஊருக்கு வெளியே தைல மரத் தோப்பில் நாற்பது பெட்டி வைத்திருந்தார். டாக்டர் பட்டம் எப்படி வந்தது என்றால், பெட்டியைச் சும்மா சும்மா திறந்து பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார், பலகையில் காதை வைப்பார், அவ்வளவுதான். என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்.

இதை வைத்து நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. “என்ன மாமா, பெட்டிக்கு ஊசி போட்டாச்சா?” என்பேன். “உனக்குத்தான் போடணும் மாப்ளே, வாய்ல” என்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிப் பிழைக்கிறவன். சத்தத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை என்று தெரியும். உள்ளுக்குள் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவார் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

தைல மரம் பூப்பது குளிர்காலத்தில். எங்கள் பக்கத்துக் குளிர் ஒன்றும் பெரிய குளிர் இல்லை. காலையில் ஸ்வெட்டர், பத்து மணிக்கு நல்ல வெயில். வெயில் ஏறினால் தேனீ பறக்கும். ஆனாலும் தேன் சேரும் மேல்பெட்டிக்கு அடியில், கீழ்ப்பெட்டியில் ராணி முட்டையிடுகிற இடத்துக்குச் சூடு வேண்டும், திறந்தால் சூடு போய்விடும் என்பது மாமாவின் சட்டம். அதனால் விடியற்காலையில், ஒரு தேனீகூட வெளியே தலைகாட்டாத நேரத்தில், கடைக்குப் போகிற வழியில் தட்டிக் கேட்டுவிட்டுப் போவார். நல்ல பெட்டி சீராக ரீங்காரம் செய்யும். ராணி சரியில்லாத பெட்டி விட்டு விட்டு முனகும். செத்த பெட்டி பேசாது. முனகினால் மட்டும்தான் திறப்பார். முப்பது வருஷத்தில் அந்தக் காது ஒரு தடவைகூடத் தப்புச் சொன்னதில்லை.

அந்த வருஷம் மரங்கள் வெறி பிடித்த மாதிரி பூத்தன. பெட்டிகளை அசைத்துக் கனம் பார்த்த மாமா சந்தோஷத்தில் தரையில் நிற்கவில்லை. குளிர் முடிந்ததும் வேலையை விடுகிறேன் என்று கடை முதலாளியிடம் சொல்லிவிட்டார். இனி அந்த நாற்பது பெட்டிதான் சோறு போடவேண்டும். அவர் கனவு கண்டதெல்லாம் அதற்குத்தான். ரம்பச் சத்தம் இல்லாத ஒரு வாழ்க்கை, அவ்வளவுதான் அந்த மனுஷன் கேட்டது.

அக்கா மட்டும் சந்தோஷமாக இல்லை. தேன் அறுவடைக்கு முந்தின நாள் என் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

“ரெண்டு மாசமா ஒரு மாதிரி இருக்காருடா. சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்போது கையை நிறுத்திடறாரு. ‘கேக்குதா, என்ன ஜோரா வேலை செய்யுதுங்க பாரு’ங்கிறாரு. தோப்பு எங்க இருக்கு, வீடு எங்க இருக்கு?”

“தோப்பையே நெனச்சுக்கிட்டு இருந்தா அப்படித்தான்க்கா.”

“சமையல்கட்டுச் செவுத்துல காதை வெச்சு நிக்கிறாருடா. வெச்சுக்கிட்டு சிரிக்கிறாரு.”

நான் சிரித்து மழுப்பினேன். அவள் போன பிறகு, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினேன்.

மாமாவோடு பெட்டி தூக்க வழக்கமாக வருகிற ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். வண்டியை நிறுத்திவிட்டுத் தோப்புக்குள் நுழையும்போது மணி பத்தரை. நல்ல வெயில். மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூ. கீழே விழுந்த பூ இழைகள் செருப்பில் ஒட்டின. தைல வாசனையும் தேன் வாசனையும் சேர்ந்து மூக்கை அடைத்தன.

எனக்கு எதுவோ உறுத்தியது. என்னவென்று பிடிபட நாலு எட்டு நடக்கவேண்டியிருந்தது. சத்தம் இல்லை. இவ்வளவு பூவுக்கு அந்த இடம் மோட்டார் பட்டறை மாதிரி இரைந்திருக்க வேண்டும். ஓர் இலை விழுந்தால் அது விழுகிற சத்தம் தனியாகக் கேட்டது.

“கேட்டியா மாப்ளே?” மாமாவின் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. “முப்பது வருஷத்துல இப்படி ஒரு கூட்டத்த நான் கேட்டதே இல்ல!”

அவர் முதல் பெட்டியைத் தட்டினார். காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அடுத்த பெட்டி. தலையாட்டினார். அதற்கடுத்தது. வரிசையாக அவர் போகப் போக, பின்னால் நான் தட்டி என் காதை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் நிறைந்த டிரம்மைத் தட்டின மாதிரி ‘தொம்’ என்றது. பிறகு ஒன்றுமில்லை.

“மாமா, ஒரு ஈகூடக் காணோமே.”

“பூவுக்குப் போயிருக்குங்க.”

“பூவுலயும் இல்ல மாமா.”

“மேல, உச்சியில இருக்கும். உனக்கு என்னடா தெரியும்?”

மேல்பெட்டியைத் தூக்கினோம். இரும்புக் கனம். புகை போடத் தேவையே இருக்கவில்லை. விரட்ட அங்கே யாரும் இல்லை. அப்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “குளிருக்குக் கீழ எறங்கிருச்சுங்க. எவ்வளவு சத்தம் பாரு!” என்றார். நான் கீழ்ப்பெட்டியின் விளிம்பில் கை வைத்தேன். பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் என்னை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

“குளிர்காலத்துல அதைத் தொடாத!”

“முனகுது மாமா. தொறங்க.” திறக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

“முனகலடா. நல்லாத்தான் பாடுது.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. கையை உதறிக்கொண்டு நடுவிலிருந்த தேனடைச் சட்டத்தை உருவினேன். அந்த முனையிலிருந்து இந்த முனைவரை தேன், மெழுகு மூடி போட்டு முத்திரை வைத்த தேன். அடுத்த சட்டமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். முட்டையிட ஒரு கண்ணறைகூட மிச்சமில்லை. கடைசிச் சட்டத்தின் மூலையில் ஒரு கைப்பிடி தேனீ, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டபடியே காய்ந்து கிடந்தன. நடுவில் ராணி. முதுகில் அடையாளத்துக்கு மாமா வைத்த மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது.

தொழில் தெரிந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பூவிலிருந்து வரத்து மிஞ்சிப்போய் ராணியின் இடத்தையெல்லாம் தேன் பிடித்துக்கொண்டுவிட்டது. புதுத் தேனீ பிறக்கவில்லை. இருந்தவை உழைத்து உழைத்துப் போன இடத்திலேயே விழுந்துவிட்டன. முனகல் கேட்ட அன்றே திறந்து இரண்டு காலி அடையை நடுவில் சொருகியிருந்தால் போதும். நாற்பது பெட்டியும் வாரக்கணக்கில் முனகியிருக்கும். அவருக்கு ரீங்காரம்தான் கேட்டிருக்கிறது.

அவர் அந்தத் திறந்த பெட்டியின் பக்கப் பலகையில் மறுபடியும் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எழுந்துபோய்த் தைல மரத்தில் காதை வைத்தார். பிறகு வண்டிக் கதவில். பிறகு மண்டியிட்டு, வெறும் தரையில். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“எல்லாத்துலயும் கேக்குதுடா” என்றார்.

முப்பது வருஷம் ரம்பத்தோடு வேலை செய்த காது, இப்போது தானாகவே இரைகிறது. ஒருநாள்கூடப் பஞ்சு வைத்துக்கொண்டதில்லை. நாலு மோட்டார்க்காரனுக்குப் புத்தி சொல்கிற நானும் வைத்துக்கொள்ளச் சொன்னதில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

“நீ கேளு மாப்ளே” என்றார். “ஒண்ணொண்ணா கேட்டு சொல்லு.”

நாற்பதையும் தட்டினேன். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு கூடவே வந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் தலையை இல்லை என்று ஆட்ட வேண்டியிருந்தது. இருபத்தேழாவதில் ஒரு முனகல், நூல் மாதிரி. கடைசி வரிசையில் இன்னும் இரண்டு. மூன்று பெட்டி. அவற்றின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, உயிர் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற மாதிரி, ரொம்ப நேரம் நின்றார். பிறகு காலி அடைகளைச் சொருகி மூடினார்.

அந்த வருஷம்தான் அவர் வாழ்க்கையிலேயே தேன் அதிகம். வண்டி கொள்ளவில்லை. இரண்டு நடை அடித்தோம்.

வீட்டில் அக்கா தேன் வாளிகளை இறக்கப் போனவள், எங்கள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நான்தான் சொன்னேன். மாமா சமையல்கட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், வேறு யாரோ வீட்டுச் சாவு மாதிரி. நான் முடித்ததும் அக்காவிடம் திரும்பினார்.

“எல்லாம் செத்துப் போச்சுங்கிறான். சரி. நானும்தான் கண்ணால பாத்தேன்.” வலது காதைத் தொட்டுக் காட்டினார். “அப்போ இங்க இருக்கிறது யாரு?”

என்னிடம் பதில் இருந்தது. ரம்பம், நரம்பு, காது டாக்டர் என்று வாய் வரை வந்தது. அக்கா அதற்குள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள். இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்தாள். தன் காதை அவர் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அவர் பெட்டியைக் கேட்பாரே, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

“கேக்குதா?” என்றார் மாமா.

குழாயில் தண்ணீர் சொட்டியது. நான் எட்டி அதை இறுக்கி மூடினேன். வீடே அடங்கிப்போயிற்று. அவளுடைய முகம் மெல்ல மாறியதை நான் பார்த்தேன்.

“கேக்குது” என்றாள். “நெறைய இருக்குங்க.”

அவரைச் சமாதானப்படுத்தச் சொன்னாள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா பொய் சொல்லி நான் கேட்டதில்லை.